வீட்டை விற்ற வாரம்

அண்ணி,

இன்று நம் வீட்டை இடித்துவிட்டார்கள். கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் போன நான், பழக்க தோஷத்தில் நம் தெருவுக்குள் திரும்பிவிட்டேன். ஜேசிபியின் வாளி உன் சமையலறைச் சுவரைக் குத்திக்கொண்டிருந்தது. அந்த நீலச் சுவர் ஒரே குத்தில் சாயவில்லை, மூன்று முறை குத்த வேண்டியிருந்தது. உன்னைப் போலவே அழுத்தமான சுவர் என்று நினைத்துக்கொண்டேன். "தள்ளி நில்லுமா, கல்லு தெறிக்கும்" என்று டிரைவர் கத்தினான். தெறித்தால் தெறிக்கட்டும் என்று நின்றேன். அந்தச் செங்கல் தூசு இதை எழுதும்போதும் தொண்டையில் கரகரக்கிறது.

உன் அப்பா கட்டிய வீடு. அவர் போன பிறகு பாதி உன் பேரில், பாதி உன் தம்பி பேரில். முன்பக்கத்தில் உன் தம்பியும் நானும் எங்கள் மகளும். பின்பக்கத்தில் நீ. உன் புருஷன் உன்னை விட்டுவிட்டு ஓடியபின் உனக்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பாதி வீடுதான். அதைத்தான் நான் உன்னிடமிருந்து பிடுங்கினேன்.

கொரோனா இரண்டாவது முறையாக வந்து ஆட்களை வாரிக்கொண்டு போன கோடை அது. உன் தம்பி தொழிற்பேட்டையில் ஒரு பழைய இரும்பு குடோனில் கேஸ் கட்டர். லாரியோ பாய்லரோ, அவர் பிடிக்கும் கேஸ் நெருப்பில் துண்டு துண்டாகிவிடும். அவருக்குக் காய்ச்சல் கண்ட நாலாம் நாள் மூச்சு இரைத்தது. பெரியாஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. உள்ளிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றிய பிணங்கள் வருவதைப் பார்த்ததும், வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்றேன். "வேணாண்டி, இங்கியே நிப்போம், எப்படியும் உள்ள வுடுவாங்க" என்று நீ என் கையைப் பிடித்தாய். நான் உதறிவிட்டு அவரை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

நாடே ஆக்சிஜன் ஆக்சிஜன் என்று அலறிக்கொண்டிருந்தது. எங்களுக்கா ஆக்சிஜனுக்குப் பஞ்சம்? இரும்பு வெட்ட அவர் தினமும் திறந்து மூடுகிற சிலிண்டர் அதுதானே? குடோன் வாட்ச்மேன் காலில் விழுந்து ஒன்றை மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தேன். தண்ணீர் பாட்டிலை அறுத்து அவர் மூக்கின் மேல் கவிழ்த்து, ரப்பர் டியூபை அதில் செருகினேன். அவர் முகம் தெளிந்ததுபோல் இருந்தது. தெளிந்துவிட்டது என்று நானே முடிவு செய்துகொண்டேன். "ஆஸ்பத்திரிக்கிப் போலாம்டி" என்று நீ கெஞ்சக் கெஞ்ச, மூன்று நாள் அந்த இரும்பு வெட்டும் காற்றை நம்பி அவரை வீட்டிலேயே வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அவர் நகமெல்லாம் நீலம் பாரித்துவிட்டது.

திருவள்ளூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவர்கள் கேட்ட பணத்துக்கு என் தாலி வரை விற்றாலும் காணாது. பக்கத்து குடோன்காரன் ரொம்ப நாளாக நம் வீட்டின் மேல் கண் வைத்திருந்தான். பாதி விலைதான், ஆனால் கையோடு தருகிறேன் என்றான். உன் தம்பியின் பாதிக்கு அவர் முன்பே எனக்குப் பவர் எழுதிக் கொடுத்திருந்தார்; உன் கையெழுத்துதான் வேண்டும். நீ முடியாது என்றாய்.

"எங்கப்பன் ரத்தம் சுண்டக் கட்டுன ஊடு இது. இத்த வித்துட்டு நான் எங்கடி போவேன், சோழவரம் ஏரிக்கா?"

ஓங்கி அறைந்தேன். நீ சும்மா இருப்பவளா? என் கொண்டையைப் பிடித்து நிலைப்படியில் மோதினாய். வாசலில் உருண்டோம். என் முழங்கையில் உன் பல் இறங்கியது. உன் உதடு கிழிந்து என் ஜாக்கெட்டெல்லாம் ரத்தம். நம் தெருவில் எத்தனை சண்டை நடந்திருக்கும்! கை ஓங்குவதற்குள் நாலு பெண்கள் நடுவில் புகுந்து, ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் போய்விடுவார்கள். அந்தத் தைரியத்தில்தான் அத்தனை பேரும் கை ஓங்குவோம். அன்றைக்கு எல்லாரும் மொட்டைமாடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "கிட்ட போவாத, அவுங்க ஊட்ல கொரோனா" என்று எதிர்வீட்டுக்காரி தன் மகளை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தன் போனில் படம் எடுத்தான்.

நான் உன் மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து கழுத்தை நெரித்தேன். யாராவது என் தோளைப் பிடித்து இழுப்பார்கள் என்று என் உடம்பு காத்துக்கொண்டே இருந்தது. யாரும் இழுக்கவில்லை. உன் கண் பிதுங்கியது. என் விரல்களை நானேதான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது. கொன்றிருப்பேன், அண்ணி. சத்தியமாகக் கொன்றிருப்பேன்.

நீ வெகுநேரம் இருமினாய். பிறகு ரத்தத்தைத் துப்பிவிட்டு, "எந்திரி. நீ நாஷ்டா துன்னு ரெண்டு நாளாவுது" என்றாய். கஞ்சி ஊற்றிக் கொடுத்தாய். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "காலைல ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போலாம்" என்றாய். அதுவரை உன்னை வாங்க போங்க என்றுதான் பேசுவேன். அன்றிலிருந்து நீ, வா, போ. நீயும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் மாஸ்க்கை இறக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். அந்தப் பத்திரத்தில் நீ வீங்கிய உதட்டோடுதான் இருப்பாய்.

பணம் கட்டிய இரண்டாம் நாள் உன் தம்பி போய்விட்டார். எரியும்போது நெருப்பைக்கூட தூரத்திலிருந்துதான் காட்டினார்கள்.

வாடகை அறையில் வைத்துப் பதினாறாம் நாள் காரியம் செய்தோம். அப்போதுதான் சின்ன மாமனார் கேட்டார். "எவ அந்த சிலிண்டர ஊட்டுக்குக் கொண்டாந்து அவன சாவடிச்சது?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ எழுந்து நின்று "நான்தான் நைனா" என்றாய். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அவர் உன்னை அறைந்தார். நீ சோற்றுக் குண்டானின் மேல் போய் விழுந்தாய். சோறெல்லாம் தரையில். பதினாலு வயது மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு, ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். "அப்பன அம்மாவே கொன்னுட்டான்னு அந்தப் புள்ள காதுல வுழலாமா? எனுக்கு இன்னா, புள்ளையா குட்டியா" என்றாய். கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன. அரிசி களையப் போய்விட்டாய்.

வாயை மூடிக்கொண்டு இருந்ததோடு நான் நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். கோபம் வரும்போதெல்லாம் நானே உன்னைத் "தம்பியைத் தின்னவளே" என்று கத்தியிருக்கிறேன். கத்திக் கத்தி எனக்கே அது நிஜம்போல் ஆகிவிட்டது. மகள் உன் கையால் சாப்பிடுவதை நிறுத்தினாள். நீ பிசைந்து நீட்டிய உருண்டையை ஒருநாள் தட்டிவிட்டாள். நீ குனிந்து பொறுக்கினாய். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். போன வருஷம் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது, உனக்கு வாய்க்கரிசி போடவும் அவள் வரவில்லை. அன்றைக்காவது நான் சொல்லியிருக்க வேண்டும். பாவி, சொல்லவில்லை.

அவள் இப்போது ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தவளிடம், வீட்டை இடித்துவிட்டார்கள் என்றேன்.

"அத்த மட்டும் அந்த சிலிண்டர கொண்டாராம இருந்தா அப்பாவும் இருந்திருக்கும், ஊடும் இருந்திருக்கும்" என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், அண்ணி. "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா" என்றுதான் வந்தது.