அண்ணனின் மிஷின் பிரஷ்

அண்ணா,

தையல் மிஷின் மேல் இரண்டு பிரஷ்களை வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். ஒன்று மருந்துக் கடையில் வாங்கிய நீல பிரஷ், கையால் விளக்குவது. இன்னொன்று உன்னுடைய மிஷின் பிரஷ். அதன் பிடியை மூக்கருகே கொண்டுபோனால் பேஸ்ட் வாசனைக்கு அடியில் உன் பீடி வாசனை இன்னும் லேசாக இருக்கிறது. உனக்கு இருந்த கெட்ட பழக்கம் அது ஒன்றுதான். மற்றதை ஊர் தானாகச் சேர்த்துக்கொண்டது.

இந்த இரண்டில் எதை எடுப்பது என்று தெரியாமல் இத்தனை நாள் தூக்கம் கெட்டுக் கிடந்தேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். "பல்லு விளக்கறதுக்கு இவ்ளோ யோசனையா, பாப்பா?" என்பாய். தலை நரைத்த பிறகும் என்னைப் பாப்பா என்று கூப்பிட்டவன் நீ ஒருவன்தான். யோசனை பல்லைப் பற்றியது இல்லை, அண்ணா. என் வலது கை நடுங்குகிறது.

எழுதிவிட்டேன். இதை எழுத எனக்கு இரண்டு டம்ளர் டீ தேவைப்பட்டது.

முதலில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கவனித்தேன். கையை மடியில் போட்டிருந்தேன். கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டிருந்தது. உப்புக் கல் ஒன்றை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பார்ப்பது போல. டி.வி.யை அணைத்துவிட்டேன். ஏனென்றால் அந்த உருட்டலை நான் முன்பே பார்த்திருக்கிறேன். ஒருநாள் சாயங்காலம் நீ உப்பளத்திலிருந்து வந்து என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தபோது, உன் விரல்கள் அப்படித்தான் எதையோ உருட்டிக்கொண்டிருந்தன. "கையில என்னாண்ணா?" என்று கேட்டேன். "உப்புதான்" என்றாய். நான் விரல்களைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

அப்போது நாம் இரண்டு பேருமே உப்புத் தண்ணீரின் மேல்தான் பழியைப் போட்டோம். இந்தப் பக்கத்தில் அதுதானே வழக்கம். கால் வெடித்தால் உப்பு, கண் எரிந்தால் உப்பு, நரம்பு இழுத்தாலும் உப்பு. மழைக்காலம் வந்து உப்பளத்தை மூடினால் கையும் சரியாகிவிடும் என்று நீ சொன்னாய், நானும் நம்பினேன். மழை வந்தது, உப்புப் பாத்தியெல்லாம் முழுகியது, உன் கை மட்டும் நிற்கவில்லை.

அதில் பெரிய கொடுமை என்ன தெரியுமா? பாத்தியில் இறங்கிப் பலகையைப் பிடித்து உப்பை வார ஆரம்பித்தால் உன் கை அசையாது. பக்கத்துப் பாத்தி ஆளைவிட நேராக வாருவாய். வேலை முடிந்து ரோட்டோரக் கடையில் டீ கிளாஸைக் கையில் வாங்கும்போதுதான் நடுங்கும். உன்னை வேலையில் பார்த்தவர்கள் குறைவு. டீக்கடையில் பார்த்தவர்கள் அதிகம். அதுவும் கள்ளச்சாராயம் குடித்து ஜனங்கள் செத்துப்போன அந்த வருஷத்துக்குப் பிறகு, நடுங்குகிற கையைப் பார்க்கிற பார்வையே இந்தப் பக்கம் மாறிவிட்டது. ஒருநாள் காலையில் டீ சிந்தி உன் லுங்கி நனைந்தது. பெஞ்சில் இருந்த ஒருத்தன், "என்னாபா, காலையிலயே ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டானாம். நீ பதில் சொல்லாமல் கிளாஸை வைத்துவிட்டு வந்துவிட்டாய். அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு சொட்டு தொடாத மனுஷன். எனக்கு இப்போது நினைத்தாலும் அந்த ஆளின் தலையில் கிளாஸைக் கவிழ்க்க வேண்டும் போல் இருக்கிறது.

அதற்குப் பிறகு நீ கையை ஒளிக்க ஆரம்பித்தாய். நின்றால் அக்குளில், உட்கார்ந்தால் தொடைக்கு அடியில். கல்யாணத்துக்கு வந்தால் பந்தியில் உட்கார மாட்டாய், மொய் எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவாய். ஒளிக்க ஒளிக்க ஊர்ச் சந்தேகம் உறுதியானது. புதுச்சேரி நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்று பெயர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தபோது வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தப் பெயரை நம் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. சாராயம் என்றால் எல்லோருக்கும் தெரியும். தெரிந்த பெயரைத்தான் அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

பல் விஷயம் அதற்கப்புறம் வந்தது. பிரஷ் நழுவி நழுவி ஈறெல்லாம் புண்ணாகி, நீ சோற்றைக் கரைத்துக் குடிக்கிற நிலைமைக்கு வந்தாய். பல் டாக்டர் அம்மாதான், "கைபிரஷ் தப்புன்னு இல்லீங்க. ஒழுங்கா விளக்கினா ரெண்டும் ஒண்ணுதான். உங்களுக்குக் கை ஒத்துழைக்கல, அதனால மிஷின் பிரஷ் வாங்கிக்கோங்க" என்றார். கடையில் நீ பட்ட வெட்கம் கொஞ்சமா? "உப்பளத்து ஆளு கரண்ட்டுல பல்லு விளக்கறான்னு தெரிஞ்சா பசங்க ஓட்டுவானுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே நின்றாய். நானும் அண்ணியும் உன்னை நடுவில் நிறுத்தி வாங்க வைத்தோம்.

முதல் நாள் கூத்தை மறக்கவே முடியாது. வாயில் வைப்பதற்கு முன்பே பட்டனை அழுத்திவிட்டாய். பேஸ்ட் சுவர், கண்ணாடி, அண்ணியின் புதுப் புடவை என்று எங்கும் தெறித்தது. அண்ணி கத்த, நீ அந்தப் பிரஷ்ஷை எட்டப் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "ஏய், இது என்னவிட நடுங்குதுடி!" என்றாய். எத்தனையோ நாளைக்குப் பிறகு நீ வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சுவரைத் துடைத்தேன்.

ஆனால் ஈறு ஆறவில்லை, இன்னும் மோசமானது. மிஷின் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அண்ணி முடிவே கட்டிவிட்டாள். திரும்ப டாக்டரிடம் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நம் அப்பா காலத்திலிருந்து நம் வீட்டில் பேஸ்ட் மேல் ஒரு சிட்டிகை உப்பு தூவாமல் யாரும் பல் விளக்கியதில்லை. அதை நீ மிஷினிலும் தூவியிருக்கிறாய். டாக்டர் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மிஷின்ல உப்பு போட்டா தேய்ச்சீங்க?"

"கல்லுப்பு இல்லீங்க. நல்லா பொடி பண்ணித்தான்" என்றாய் நீ, ரொம்ப மரியாதையாக.

"ஐயா, அது ஈறு. உங்க பாத்தி இல்ல."

வெளியே வந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் நாம் சிரித்துக்கொண்டே நடந்தோம். உப்பை நிறுத்திய பிறகு புண் ஆறியது. கடைசி வரைக்கும் உன் பல்லை நீயே விளக்கினாய். படுக்கையில் விழுந்து, நெஞ்சுச் சளி கட்டி, பேச்சு குறைந்த நாட்களிலும் அந்த ஒரு வேலைக்கு மட்டும் யாரையும் கை வைக்க விட்டதில்லை.

கருமாதி முடிந்து உன் வேட்டி, துண்டு, செருப்பெல்லாம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தோம். இதை மட்டும் யாருக்குக் கொடுப்பது? செத்தவர் பல் விளக்கிய பிரஷ்ஷை யார் வாங்குவார்கள்? அண்ணி அதன் தலையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். மிஷினை மட்டும் என் கையில் வைத்து, "தூக்கிப் போட மனசு வரல, நீயே வச்சிக்கோ" என்றாள். நான் துணி அலமாரியில் வைத்தேன். எனக்கே தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கும் ஈறில் ரத்தம் வந்தது. அதே டாக்டர் அம்மாவிடம் போனேன். சுத்தம் செய்துவிட்டு, "கைபிரஷ்ஷா, மிஷினா, எது வசதி? கையில ஏதாச்சும் கஷ்டம் இருக்குதா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். வலது கையைக் கைப்பைக்கு அடியில் அழுத்திக்கொண்டு, "இல்லீங்க, கைபிரஷ்ஷே போதும்" என்றேன். மருந்துக் கடையில் நீல பிரஷ் வாங்கினேன். அடுத்த நாளே அது என் ஈறைக் குத்தியது. கண்ணாடியில் என் கையைப் பார்த்தேன். உன் கை தெரிந்தது.

அன்றைக்கே ஒரு பிரஷ் தலை வாங்கி உன் மிஷினில் மாட்டினேன். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுத்தான் பட்டனைப் போடுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் மிஷின் சத்தம் அமுங்கிப்போகும் என்று கணக்கு. ஒன்று சொல்லட்டுமா அண்ணா, அது ஓடும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. நடுங்குவது கையா பிரஷ்ஷா என்று எனக்கே தெரியாது. மற்ற நேரமெல்லாம் கையைக் காவல் காப்பதுதான் வேலை. அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் காவல் வேண்டாம்.

பயம் எதற்கு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பிளவுஸ் தைத்துப் பிழைக்கிறவள். தைக்கும்போது கை நிற்கிறது, உன் கை பாத்தியில் நின்ற மாதிரியே. ஊசியில் நூல் கோத்துவிட்டு நிமிர்ந்தால் ஆரம்பித்துவிடும். டெய்லர் அக்காவுக்குக் கை ஆடுதாம் என்று ஒரு வாய் பேசினால் போதும், கல்யாணத் துணியை யார் என்னிடம் கொடுப்பார்கள்? அளவெடுக்க ஆள் வந்தால் டேப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். ராத்திரியில் கையை வயிற்றின் அடியில் போட்டுக்கொண்டு குப்புறப் படுக்கிறேன். படுக்கையோடு போய்விட்டால் பவித்ராவுக்குப் பாரமாகிவிடுவேனே என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. என் பெண் கல்யாணம்கூட ஆகாதவள், அண்ணா.

அவளிடம்தான் மாட்டிக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை. அவளுக்குப் புதுச்சேரி மொபைல் கடையில் லீவு, தூங்குகிறாள் என்று நினைத்தேன். கரண்ட் போய் டேங்கில் தண்ணீர் ஏறாமல் குழாய் பாதியில் நின்றுவிட்டது. சார்ஜில் ஓடுகிற மிஷின் சத்தம் மட்டும் தனியாக வீடெல்லாம் கேட்டது. கதவைத் தட்டினாள்.

"ம்மா, அது மாமா பிரஷ் தானே?"

நான் வாயில் நுரையோடு கதவைத் திறந்தேன். "சும்மாதான்டி, வீணா கிடக்குதேன்னு எடுத்தேன்" என்றேன்.

அவள் உள்ளே வந்தாள். என் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி பட்டனை அழுத்தி மிஷினை நிறுத்தினாள். சத்தம் நின்றது. என் கையில் இருந்த பிரஷ் நிற்கவில்லை.

இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ நாளா?" என்றாள். சொன்னேன். "தைராய்டா கூட இருக்கும், டென்ஷனா கூட இருக்கும். மாமாக்கு வந்ததே உனக்கும் வரணும்னு சட்டமா? ஏம்மா சொல்லல?" என்று திட்டினாள். திட்டும்போதே அவள் குரலும் நடுங்கியது.

ஏன் சொல்லவில்லை என்றால் என்ன சொல்வேன்? நீ ஒரு தடவை என்னிடம் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாத்திரை போட ஆரம்பித்த சமயம், உப்பளத்துக் கரையில் தார்ப்பாய் மூடிய உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நீ கையை ஒளிக்காமல் முழங்கால் மேல் வைத்திருந்தாய். "மொத நாளே கை நடுங்குதுன்னு நானே சொல்லியிருக்கணும் பாப்பா. நான் சொல்லாம உட்டேன். அதான் அவங்களா ஒரு பேரு வச்சிட்டாங்க" என்றாய். நான் உனக்காக வருத்தப்பட்டேனே ஒழிய, அது எனக்கும் ஆகும் என்று நினைக்கவில்லை.

நாளைக்கு நரம்பு டாக்டரிடம் போகிறோம். உன்னைப் பார்த்த அதே டாக்டர். பவித்ரா லீவு போட்டிருக்கிறாள். அவர் என்ன சொல்வாரோ என்று நினைத்தால் இந்தப் பேனாகூட வழுக்குகிறது. தைராய்டு என்றே சொல்லட்டும் என்று எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். உன் பெயரையும் நடுவில் சேர்த்துக்கொண்டேன், கோவித்துக்கொள்ளாதே.

இன்று காலையில் நீல பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்குப் போனேன், எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற நேரம் பார்த்து. கை ஆடியது. நுரை முகவாயில் வழிந்தது. எதிர்வீட்டுக்காரி குடத்தை வைத்துவிட்டுப் பார்த்தாள். அடுத்த மாசம் அவள் வீட்டில் கல்யாணம், துணியெல்லாம் என்னிடம்தான் இருக்கிறது.

"என்னாக்கா, கை இப்படி நடுங்குது?"

வாயைக் கொப்பளித்தேன். "ஆமா, நடுங்குது. கொஞ்ச நாளா இருக்குது. நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன்" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். பிறகு, "பாத்துப் போயிட்டு வாக்கா. பிளவுஸ் மெதுவா குடு, பரவால்ல" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அவ்வளவுதான், அண்ணா. உனக்கு டீக்கடையில் கிடைக்காதது எனக்குத் தெருக்குழாயில் கிடைத்தது. அதை எனக்கு வாங்கிக் கொடுத்தது நீதான்.

பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். டாக்டர் உன் வியாதியின் பெயரையே சொன்னால், உன் மிஷினையே கழுவி எடுத்துக்கொள்வேன். உண்மையாகவே அதுதான் கைக்கு வசதி. எந்த பிரஷ்ஷாக இருந்தாலும் இனிமேல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பல் விளக்குவேன். உப்பு மட்டும் போட மாட்டேன்.

உன்
பாப்பா