பிரீமியம் ஏறாமல் இருக்க

ஜனவரி 9

தனிக்குடும்பத் தலைவி அவர்களுக்கு,

உங்கள் முன்னாள் மகள் எழுதிக்கொள்வது. முறைக்காதே அம்மா, காப்பீட்டு ஏஜென்ட் மாமா சொன்னபடிதான் எழுதறேன். "புது விலாசத்துக்கு வாரா வாரம் தபால் போகணும், முத்திரை விழுந்திருக்கணும். அதுதான் அவங்க தனியா இருக்காங்கங்கிறதுக்கு ஆதாரம்"னு சொல்லிட்டார். ஃபோன்ல கொஞ்சினா செல்லாதாம். பில்லைப் பார்த்துக் கண்டுபிடிச்சுடுவாங்களாம். அதனால இனிமே கொஞ்சல், கெஞ்சல், மிஞ்சல் எல்லாம் தபால்லதான். உறையைக் கிழிச்சுப் போட்டுடாதே.

பள்ளிக்கூடத்துல பக்கத்து பெஞ்சுக்காரி, "உங்கம்மா எங்கடி?"ன்னு கேட்டா. பாடம் எடுத்தேன். "இதுவரைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கு ஆளுக்கு ஒரு பிரீமியம். புதுச் சட்டத்துல வீட்டுக்கு ஒண்ணு. அந்த வீட்டுல யாருக்கு உடம்பு மோசமோ, அவங்களை வச்சு எல்லாருக்கும் விலை போடுவாங்க. வருஷக்கணக்கா கட்டிக்கிட்டு வர்றவங்களுக்கும் இதே கதிதான். எங்கம்மா நெஞ்சுல வால்வு மாத்தியிருக்கு. அதனால எங்க வீட்டுக்கு மூணு மடங்கு. வாலு நான் பொறந்தப்பகூட இவ்வளவு செலவு ஏறலை, வால்வு வந்து ஏத்திடுச்சு. தனி ஆளா இருக்கிறவங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது. அதனால அம்மா வேற விலாசத்துல இருந்தா அவங்களுக்கும் பழைய கட்டணம், எங்களுக்கும் பழைய கட்டணம். அதான் பிரிஞ்சுட்டாங்க."

"நிஜமாவா?"

"கம்பெனி கண்ணுக்கு மட்டும்."

நீயே "நான் வேற இடத்துக்குப் போயிடறேன்"னு சொன்னப்ப எனக்குப் பெருமை தாங்கலை. நான் இதுவரைக்கும் டீச்சர் நாற்காலியில பசை தடவினது, அப்பா செருப்பைத் தரையோட ஆணி அடிச்சது எல்லாம் சில்லறைக் குறும்பு. நீ ஒரு கம்பெனியையே ஏமாத்தறே. இந்தப் புத்தி எனக்கு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு இப்பத்தான் தெரியுது.

இப்படிக்கு,
பிரிந்து வாடுவதாக நடிக்கும்
வாலு

ஜனவரி 21

அன்பு வாலு,

உன் ஆதாரம் வந்து சேர்ந்தது. கடைக்காரம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன். "இதைப் பெத்தியா, கடையில வாங்கினியா?"ன்னு கேட்டாங்க. அவங்களும் நானும் ஒண்ணா வேலை கத்துக்கிட்டவங்க இல்லையா, அந்த உரிமை.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல இருக்கிற அறையை வாடகையில்லாம கொடுத்திருக்காங்க. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு மின்சார அடுப்பு. பகல்ல கீழே லென்ஸ் தேய்க்கிறேன். ஓரத்தைக் கொஞ்சம் கூடுதலாத் தேய்ச்சுட்டா ஃபிரேமுல நிக்காது, ஆடும். அதனால பேச்சில்லாம வேலை பார்க்கணும். எனக்குத்தான் அது பழக்கமாச்சே.

ஜன்னலைத் திறந்து வச்சே தூங்கறேன். யாரும் சாத்தச் சொல்றதில்லை. மாத்திரை டப்பாவை மேசைமேலேயே வச்சிருக்கேன். அலமாரிக்குள்ள துணிக்கு அடியில வச்சு எடுக்கிற வேலை இல்லை.

நீ மூணு வேளையும் முட்டையா பொரிச்சுத் தின்னாதே. அப்பாவுக்கு முதுகுவலி எப்படி இருக்கு? லிஃப்ட் ரிப்பேருக்குக் குழிக்குள்ள இறங்கறப்ப பெல்ட் போட்டுக்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்ல வேண்டாம்.

அம்மா

பிப்ரவரி 16

புகழ்பெற்ற தலைமறைவுக் குற்றவாளிக்கு,

வந்துட்டாங்கம்மா. காப்பீட்டுக் கம்பெனி விசாரணை அதிகாரி. கையில அட்டை, மூக்குமேல கண்ணாடி. உங்க கடைக்கு அனுப்பியிருக்கலாம், ஒரு பக்கம் ஆடிச்சு. உன் செருப்பு, சீப்பு, பல்துலக்கி எல்லாத்தையும் அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டேன். குளியலறையில துண்டை மறந்துட்டேன்.

"ரெண்டு பேர் வீட்டுல மூணு துண்டு எதுக்கு?"

"எனக்கு ரெண்டு சார். ஒண்ணு குளிச்சா துடைக்க. இன்னொண்ணு குளிக்காத அன்னைக்கு நனைச்சுக் காயப்போட."

அவர் அதையும் எழுதிக்கிட்டார்னு நினைக்கிறேன்.

ஆனா மெடல் அப்பாவுக்குத்தான். "உங்க மனைவி ஏன் பிரிஞ்சு போனாங்க?"ன்னு அதிகாரி கேட்டார். அப்பா குனிஞ்சு டூல்பாக்ஸை மூடினார். அப்புறம், "பேச்சு இல்லாம போச்சு"ன்னார். அவ்வளவுதான். அந்த அதிகாரி அதுக்கு மேல ஒரு கேள்வி கேட்கலை. பாவமாப் பார்த்துட்டுப் போயிட்டார். நம்ம அப்பாவுக்கு நடிப்பு வரும்னு எனக்குத் தெரியவே தெரியாது. "சூப்பர்ப்பா"ன்னு கையைத் தட்டச் சொல்லி நீட்டினேன். தட்டாம டூல்பாக்ஸைத் தூக்கிக்கிட்டு வேலைக்குக் கிளம்பிட்டார்.

நீ முதுகுவலி கேட்டதைச் சொன்னேன். சொல்லாதேன்னா சொல்லுவேன்னு உனக்குத் தெரியாதா? "ம்"னார். "நீங்களும் பதிலுக்கு அம்மாவைப் பத்தி ஏதாவது கேளுங்க, எழுதறேன்"னேன். "அதான் நீ எழுதறியே"ன்னார்.

இப்படிக்கு,
குளித்த
வாலு

ஏப்ரல் 4

அம்மா,

மூட்டையைக் கட்டு.

சட்டத்துல திருத்தம் வந்துடுச்சு. ஏற்கெனவே காப்பீடு எடுத்தவங்க யாருக்கும் பிரீமியம் ஏறாது, வீட்டுல எத்தனை வால்வு இருந்தாலும் சரி. பேரை நீக்கினவங்க மே முடியறதுக்குள்ள திரும்பச் சேர்த்துக்கலாம், பழைய கட்டணத்துக்கே. "பாதி ஊர் பொய்யாப் பிரிஞ்சு கிடந்ததும்மா. இப்ப ஆபீஸ்ல சேர்த்துவைக்கிறதே எனக்கு வேலை"ன்னு ஏஜென்ட் மாமா தலையில கை வச்சுக்கிட்டார்.

எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் மனைவி நேத்தே வந்துட்டாங்க. வந்த வேகத்துல தெருவுக்கே கேட்கிற மாதிரி சண்டை. எனக்குக் கேட்கக் கேட்க ஆசையா இருந்தது.

எந்த பஸ்னு எழுது. நான் வந்து நிக்கிறேன்.

வாலு

ஏப்ரல் 15

அன்பு வாலு,

நல்ல செய்தி. எத்தனை குடும்பத்துக்கு நிம்மதி.

கடையில இப்ப வேலை நெருக்குது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் கண்ணாடி போடற பெரிய ஆர்டர். கடைக்காரம்மாவை நட்டாத்துல விட்டுட்டு வர முடியாது. கொஞ்ச நாள் போகட்டும், பார்க்கலாம்.

பரீட்சையை ஒழுங்கா எழுது. காலுக்கு வேற செருப்பு வாங்கிக்கோ, அது தேஞ்சிருக்கும்.

அம்மா

மே 6

அன்புள்ள உனக்கு,

நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். தப்பிருந்தால் பொறுத்துக்கொள். லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், நான் முதலில் கருவியை எடுப்பதில்லை. உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன்" என்று குரல் கொடுப்பேன். முகம் தெரியாதவர்களுக்குக் கொடுத்த குரலை உனக்கு ஒருநாளும் கொடுக்கவில்லை.

மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா? நடுவில் நின்று ஏறுகிறாயா? இரவில் அறை அமைதியாக இருக்கும்போது உன் நெஞ்சுக்குள் அந்த வால்வின் டிக் டிக் சத்தம் இன்னும் கேட்கிறதா? அது கேட்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வந்துவிடு. மே மாதம் முடிவதற்குள் வந்துவிடு.

உன் கணவன்

மே 14

வாலு,

அப்பா பேர்ல நீ எழுதின கடிதம் கிடைச்சுது. கையெழுத்து அச்சு அசல் அவரோடது. பயிற்சி எடுத்திருப்பே.

முதல் தடவை படிச்சதும் பெட்டியை இழுத்துக் கட்டில்மேல வச்சேன். துணியெல்லாம் மடிச்சேன். கீழே போய் "நாளைக்கு ஊருக்குக் கிளம்பறேன்"னும் சொல்லிட்டேன். கடைக்காரம்மா என் முகத்தைப் பார்த்துட்டு அந்தப் பெரிய ஆர்டரைப் பத்தி வாயே திறக்கலை. மேல வந்து இன்னொரு தடவை படிச்சப்பத்தான் அந்தச் சத்தத்துக்கிட்ட வந்து நின்னேன். அது அவருக்கு எப்படிடி தெரியும்? நெஞ்சுல காதை வச்சுக் கேட்டவ நீ. நான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னைக்கே அவர் ஹாலுக்குப் படுக்கையை மாத்திக்கிட்டார்.

உன்மேல கோபம் இல்லை. நீ எழுதினதுன்னு தெரிஞ்ச பிறகும் மறுபடி படிச்சேன், அவரே எழுதின மாதிரி நினைச்சுக்கிட்டு.

பிரீமியம் ஏறும்னு நோட்டீஸ் வந்ததே, அன்னைக்கு நீ உள்ளே தட்டு கழுவிக்கிட்டிருந்தே. அதுல யாரால எவ்வளவு கூடுதுன்னு ஒவ்வொருத்தர் பேருக்கு நேராவும் போட்டிருந்தது. கூடினதெல்லாம் என் பேருக்கு நேராத்தான். அப்பா திட்டலை. ஒரு வார்த்தை சொல்லலை. நான்தான் கேட்டேன், "நான் இல்லைன்னா எவ்வளவு வரும்?"னு. "என்ன பேச்சு இது"ன்னு அதட்டுவார்னு நினைச்சேன். அவர் கால்குலேட்டரை எடுத்தார். கணக்கும் சரியாப் போட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. ஆபரேஷனுக்கு அவர் அலைஞ்ச அலைச்சலை நான் மறக்கலை. ஆனா நான் நடிக்கறதுக்காகக் கிளம்பி வரலை. போறதுக்கு ஒரு காரணம் இல்லாம இருந்தது, சட்டம் கொடுத்துச்சு. அதை இப்ப திரும்ப வாங்கிக்கிட்டாலும் நான் வரலைம்மா.

இங்கேயே என் பேரைத் தனியாப் பதிஞ்சுட்டேன். எனக்கும் பழைய கட்டணமே. உன்னைக் கூட்டிக்கிட்டு வந்துடலாம்னு தினம் தோணுது. நீயும் வந்துட்டா அந்த மனுஷன் அடுப்பைப் பத்தவைக்கவே மாட்டார். லீவு விட்டதும் வா. கட்டில் சின்னதுதான், நெருக்கிப் படுத்துக்கலாம்.

அம்மா

மே 31

அம்மா,

உன் கடிதத்தை அப்பாகிட்ட கொடுத்தேன். நான் கள்ளக் கடிதம் போட்டதையும் சொன்னேன். அறை விழும்னு கன்னத்தைத் தயாரா வச்சிருந்தேன். உன் கடிதத்தைப் படிச்சுட்டு மடிச்சு வச்சார்.

பேரைத் திரும்பச் சேர்க்க இன்னைக்குத்தான் கடைசி நாள். ரெண்டு பேரும் காப்பீட்டு ஆபீசுக்குப் போனோம். வரிசை வாசலைத் தாண்டி நின்னது. எல்லாரும் ஜோடி ஜோடியா வந்திருந்தாங்க. ஒருத்தர் மனைவியோட பையைத் தூக்கிக்கிட்டு நின்னார். நான் வழக்கமா இப்படி ஒரு வரிசையைப் பார்த்தா நாலு பேருக்குப் பட்டப்பேர் வச்சிருப்பேன். ஒண்ணும் வரலை.

பாதி வரிசையில அப்பா, "நான் எழுதின மாதிரி என்னதான் எழுதினே?"ன்னு கேட்டார். மனப்பாடமாச் சொன்னேன், லிஃப்ட்லேர்ந்து கடைசி வரைக்கும். கேட்டுக்கிட்டே நின்னார். அப்புறம் மெதுவா, "மூச்சு வாங்குதாமா அவளுக்கு?"ன்னார்.

"அம்மாகிட்டயே கேளுங்கப்பா"ன்னேன். எங்களுக்கு முன்னால இருந்தவங்க நகர்ந்தாங்க. நாங்களும் நகர்ந்தோம்.

கவுன்டர்ல இருந்தவங்க தலையை நிமிர்த்தாம, "வீட்டுல எத்தனை பேர்?"ன்னு கேட்டாங்க. ரெண்டாவது தடவை கேட்டாங்க. அப்பா என்னைப் பார்த்தார். பின்னால நின்னவங்க முனக ஆரம்பிச்சுட்டாங்க.

நான்தான் சொன்னேன். "ரெண்டு."

அவங்க முத்திரை குத்திக் கொடுத்துட்டு, "உங்களுக்கு ஒரு காசுகூட ஏறலை, நிம்மதியாப் போங்க"ன்னாங்க. அப்பா அவங்களுக்கு நன்றி சொன்னார்.

உன் மகள்