சோற்று டப்பாவில் ஒட்டிய சீட்டு

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

முழங்கால் வலி தேவலையா? அம்மா வேளாவேளைக்கு மாத்திரை போடுகிறாளா? நான் சௌக்கியம், கோபம்தான் தணியவில்லை.

எங்கள் நீர் ஆராய்ச்சி நிலையம் அரசுப் பணத்தில் நடந்தாலும், நடத்துவது வெளி நிறுவனம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா? போன மாதம் அரசு அந்த நிறுவனத்தை மாற்றிவிட்டது. போனவர்கள், எட்டு வருடம் கிணறு கிணறாக அலைந்து நான் எடுத்த தண்ணீர் அளவுகளை "எங்களோடது" என்று அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். அரசு அதிகாரியிடம் போய்க் கேட்டேன்.

"ஒப்பந்தத்துல கட்டடமும் சாமானும்தாம்மா நம்மளுது. அளவைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே" என்று கையை விரித்தார்.

ஜனங்களின் வரிப்பணம், ஜனங்கள் குடிக்கிற தண்ணீர், அளவு மட்டும் எவனுக்கோ சொந்தமாம்!

இதில் ஒரு கூத்து. சாமான்களைக் கணக்கெடுத்தவர்கள் நீங்கள் வாங்கித் தந்த சோற்று டப்பாவிலும் 'அரசு உடைமை' என்று சீட்டு ஒட்டிவிட்டார்கள். வாசல் காவலாளி, "சீட்டு இருக்குதே, வெளிய விடமாட்டேன்" என்கிறார்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் என் பெயர் வெட்டிய டப்பா ஒன்று கொடுத்தனுப்புங்கள். சின்னதே போதும், பங்கு போட்டுச் சாப்பிட்டவர்களும் வேலை போய்க் கிளம்பிவிட்டார்கள்.

நாளைக்கு, முதல் கிணற்றிலிருந்து, புது நிறுவனத்துக்காக மறுபடியும் அளக்கப் போகிறேன். அளவு நோட்டைப் பழைய டப்பாவுக்குள் வைக்கப்போகிறேன். இங்கே வெளியே விடாத பொருள் அது ஒன்றுதான்.

வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்