புரொபசர் ஸ்டாப்பிங்

சிதம்பரம்
12 ஜூன் 2008, வியாழன்

அன்புள்ள மாலதி அக்காவுக்கு,

தம்பி ராபர்ட் எழுதுவது. இது உனக்கு எழுத்தாகத் தெரிகிறதா, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்று முதலில் சொல். நீ வேலை பார்க்கும் மஸ்கட் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் தமிழ் வருமா என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. கட்டமாகத் தெரிந்தால் நான் கேட்பதும் உனக்குத் தெரியாது. பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் உடம்பு சுகம். உனக்கும் அப்படியே இருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எம்.ஃபில். சேர்ந்ததும் பல்கலைக்கழகத்தில் ஒரு மெயில் முகவரி கொடுத்தார்கள். என் பெயர், ஒரு புள்ளி, துறையின் பெயர், பிறகு பல்கலைக்கழகத்தின் பெயர். வாத்தியார்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் ஒரே மாதிரிதான். நான் ஒன்றுமே எழுதாமல் அனுப்பினாலும் அடியில் 'வேதியியல் துறை' என்று முழு விலாசமும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இந்தக் கடிதத்தின் அடியிலும் இருக்கும் பார். யாரோ பெரிய மனுஷன் எழுதியிருக்கிறான் என்று பயந்துவிடாதே.

லேபில் பதினெட்டு கம்ப்யூட்டர் இருக்கிறது. ஆறு ஓடும். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும். மெயில் பக்கத்தைத் திறந்தால் முதலில் பல்கலைக்கழகக் கட்டடத்தின் படம் வரி வரியாக மேலிருந்து கீழே இறங்கும். வாசற்படி வருவதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். அதன் பிறகுதான் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். உள்ளே போனதும் பதினைந்து நிமிடம். ஒரே பக்கத்தில் அதற்கு மேல் உட்கார்ந்திருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே தள்ளிவிடும். எழுதியதெல்லாம் போய்விடும். போன வாரம் உனக்கு இதைவிட நீளமாக ஒரு கடிதம் எழுதி, 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். 'மீண்டும் உள்நுழையவும்' என்றது. லேப் பொறுப்பாளர் கலியமூர்த்தி அண்ணன் எட்டிப் பார்த்து, "போச்சா? லவ் லெட்டர் எல்லாம் நோட்டுல எழுதி வெச்சிக்கிட்டு வந்து அடிக்கணும் தம்பி" என்றார். அக்காவுக்கு என்றேன். "அக்காவுக்கு எதுக்கு இவ்ளோ நீளம்" என்று கேட்டார்.

இனி விஷயம். நம் தங்கச்சி ஜெயராணிக்கு கடலூரில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்துவிட்டது. காலேஜ் 23ஆம் தேதி திறக்கிறது. அப்பா வேண்டாம் என்கிறார். படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. "மேல்பட்டாம்பாக்கம் வரைக்கும் நடந்து போயி பஸ் ஏறணும்னா வேணாம்" என்கிறார். அம்மா சமாதானம் சொல்லப் போனால் எழுந்து வெளியே போய்விடுகிறார்.

நம் காலனி ஸ்டாப்பிங்கில் இன்னமும் பஸ் நிற்பதில்லை அக்கா. கம்பம் இருக்கிறது, போர்டு இருக்கிறது, அரசாங்கப் பட்டியலில் பெயரும் இருக்கிறது. நாம் கை காட்டினால் டிரைவர் கட்டைவிரலைப் பின்னால் காட்டிவிட்டுப் போகிறான், பின்னால் வேறு வண்டி வருகிறதாம். அந்தப் பின்னால் வரும் வண்டியை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. அதே டிரைவர், அரை கிலோமீட்டர் தள்ளி ஊர்த் தெருவில் ஒரு ஆள் கோழியோடு நின்றால் நிறுத்துகிறான். நாம் அங்கே போய் நின்றாலும் நமக்கு அதே கட்டைவிரல்தான்.

அப்பா இதுவரை ஒன்பது மனு கொடுத்திருக்கிறார். கடைசி மனுவை நான் இங்கிலீஷிலும் எழுதி ஜனவரியில் என் சொந்த மெயிலிலிருந்து பஸ் போக்குவரத்துக் கழக அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நேற்று மறுபடி அனுப்பலாம் என்றால், லேபில் மாலை ஐந்து வரை வெளி மெயில் எதுவும் திறக்காது. அதனால் பல்கலைக்கழக மெயிலிலிருந்தே அனுப்பிவிட்டேன். அதே மனு. ஒரு காற்புள்ளிகூட மாற்றவில்லை.

பதினான்காவது நிமிடம் ஓடுகிறது. அனுப்பிவிடுகிறேன். ஜெயராணிக்காக ஜெபம் செய்.

உன் தம்பி
ராபர்ட்

*

சிதம்பரம்
19 ஜூன் 2008

அன்புள்ள அக்கா,

எழுத்து எழுத்தாகவே தெரிகிறது என்று நீ எழுதியதைப் பார்த்ததும் கலியமூர்த்தி அண்ணனிடம் காட்டினேன். தமிழை மஸ்கட்டுக்கு அனுப்பியதே தான்தான் என்பதுபோல நடக்கிறார். இந்தத் தடவை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு வந்து அடிக்கிறேன்.

சிரிக்காமல் படி. மனுவுக்கு இரண்டே நாளில் பதில் வந்தது. 'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு' என்று ஆரம்பம். தாங்கள் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றியாம். 23ஆம் தேதி முதல் எல்லா டவுன் பஸ்களும் நம் ஸ்டாப்பிங்கில் நிற்கும்படி உத்தரவு போட்டாகிவிட்டதாம், நகல் இணைத்திருக்கிறதாம். தாங்கள் விரும்பினால் புதன்கிழமை நேரில் வந்து இடத்தைப் பார்வையிடுவார்களாம்.

நாங்கள் வேதியியல் லேபில் செய்யும் சோதனை மாதிரிதான். ஒரே கரைசலை இரண்டு குடுவையில் ஊற்றினேன். ஒன்றில் ஒன்றும் நடக்கவில்லை. இன்னொன்றில் பொங்கி வழிகிறது. மாறியது குடுவை மட்டும்தான். சந்தோஷப்படுவதா குடுவையைத் தூக்கிப் போட்டு உடைப்பதா என்று தெரியாமல் நின்றேன்.

நான் பேராசிரியர் இல்லை, மாணவன் என்று திருத்தி எழுத வேண்டும் என்றுதான் பதில் பக்கத்தைத் திறந்தேன். பதினைந்து நிமிடம் ஒரு எழுத்தும் அடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதுவே வெளியே தள்ளிவிட்டது. நான் மறுபடி உள்ளே போகவில்லை. இதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஜெயராணி உரக்கப் படித்து, அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டார். அப்பா காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் எழுதுனதத்தான நீ இங்கிலீஷ்ல எழுதி அனுப்புன?" என்று கேட்டார். ஆமாப்பா, வரிக்கு வரி அதேதான் என்றேன். "அப்ப நான் எழுதுனதுல என்னடா கொற?" என்றார். இத்தனை வருஷம் தன் எழுத்தில்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார் அக்கா. ஒவ்வொரு மனுவையும் கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், ஞாயிறு ஆராதனைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எழுதுகிற மனுஷன்.

புதன்கிழமை, அதாவது நேற்று, ஜீப் வந்தது. தெருவே ஸ்டாப்பிங்கில் நின்றது. அப்பா ஒன்பது மனுவின் ஒப்புகைச் சீட்டையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு முன்னால் நின்றார். அதிகாரி இறங்கியதும், "பெரியவரே, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, புரொபசர் வரணும்" என்றார். அப்பாவும் ஓரமாகப் போய் நின்றார். நான் முன்னால் போய், ராபர்ட் நான்தான் சார், எம்.ஃபில். படிக்கிறேன் என்றேன். என் காலிலிருந்து தலை வரை பார்த்தார். பிறகு என் பின்னால் பார்த்தார், வேறு ராபர்ட் வருகிறானா என்று.

"இது ஏமாத்து வேலை தம்பி" என்றார். என் பெயரை மட்டும்தான் சார் போட்டேன், புரொபசர் என்று எழுதியது நீங்கள்தான் என்றேன். அவர் முகம் போன போக்கில் இளவரசு சிரித்துவிட்டான். நம் எதிர்வீட்டு இளவரசுதான், எந்த இடத்தில் சிரிக்கக் கூடாதோ அங்கே சிரிப்பவன். அதற்குள் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். "ஏமாத்துனது யாருன்னு அப்பறம் பேசிக்கலாம் சார். பஸ்ஸு நிக்குமா, நிக்காதா? அதச் சொல்லிட்டுப் போங்க. எனக்கு அடுப்புல சோறு இருக்குது."

உத்தரவு எல்லா டிப்போவுக்கும் போய்விட்டது, கையெழுத்தும் அவருடையதுதான். அதைத் திருப்பி வாங்க வேண்டுமானால், பேராசிரியர் என்று நினைத்துத்தான் போட்டேன், காலனிக்காரன் என்று தெரிந்திருந்தால் போட்டிருக்க மாட்டேன் என்று ஒரு கடிதம் எழுத வேண்டும். அதை அவரால் எழுத முடியாது. "நிக்கும்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறியதும் போனை எடுத்ததைப் பார்த்தேன். பல்கலைக்கழகத்துக்குத்தான் போகிறது என்று புரிந்தது.

அப்பா இன்னமும் சரி என்று சொல்லவில்லை. "நிக்கட்டும், பாப்போம்" என்கிறார். ஜெயராணி இரண்டு சுரிதாரை இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருக்கிறாள். நேரம் ஆகிறது.

உன் தம்பி
ராபர்ட்

*

சிதம்பரம்
27 ஜூன் 2008, வெள்ளி, மாலை 4.45

அன்புள்ள அக்கா,

இந்த முகவரியிலிருந்து உனக்கு வரும் கடைசிக் கடிதம் இது. ஐந்து மணிக்கு என் மெயில் முடங்குகிறது. துறைத்தலைவர் கூப்பிட்டு, "எப்ப இருந்துய்யா நீ புரொபசர்?" என்று கேட்டார். பிரிண்டைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். துறையின் பெயரைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தியது தவறு, மெயில் கிடையாது, ஆனால் ஆய்வுக்கு ஒரு பாதிப்பும் வராது என்றார். கதவு வரை போனவனைக் கூப்பிட்டு, "பஸ் நின்னுதா?" என்று கேட்டார். கலியமூர்த்தி அண்ணனுக்குத் திங்கட்கிழமையே உத்தரவு போய்விட்டது. எப்படி முடக்குவது என்று தனக்குத் தெரியவில்லை, சென்னையில் கேட்டிருக்கிறேன் என்று அவர் வெள்ளி வரை இழுத்தார். அவர்தான் அதை நிறுவியவரே.

பஸ் கதையைக் கேள். திங்கள் காலை ஏழு பத்து வண்டி. ஜெயராணி பையோடு நிற்கிறாள், அப்பா பக்கத்தில். டிரைவர் கட்டைவிரலைப் பின்னால் காட்டிவிட்டுப் போய்விட்டான். அடுத்த வண்டியும் அப்படியே. முதல் நாளே காலேஜ் போச்சு. அப்பா அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாராம். இவள் அழவில்லை. இரண்டு வண்டியின் நம்பரையும் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து எனக்குப் போன் செய்தாள். நான் மெயிலைத் திறந்தேன். நம்பர், நேரம், உத்தரவின் எண், அவ்வளவுதான் எழுதினேன். அடியில் துறையின் விலாசம் தானாக ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை அதற்கு மேலே, எம்.ஃபில். மாணவன், காலனியில் வசிப்பவன் என்றும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை வண்டி நின்றது. இவர்கள் நிற்கிற இடத்தைத் தாண்டி இருபது அடி தள்ளித்தான், ஆனால் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "யாரும்மா இங்க புரொபசர் பொண்ணு? சீக்கிரம் ஏறு" என்று கத்தினானாம். ஜெயராணி ஓடிப் போய் ஏறிவிட்டாள். அப்பாவும் ஏறிவிட்டார். எதற்கு ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை. கையில் டிக்கெட்டுக்குக் காசில்லை, இவள்தான் எடுத்தாள். கடலூர் வரை போய், காலேஜ் வாசலைப் பார்த்துவிட்டு, அடுத்த வண்டியில் திரும்பி வந்து நம் ஸ்டாப்பிங்கில் இறங்கினாராம். அம்மாவிடம், "எறக்கியும் வுடுறான்" என்றாராம். அன்றிலிருந்து மறுபேச்சே இல்லை, அவள் போகிறாள்.

ஆனால் ஒன்று எனக்குப் பொறுக்கவில்லை. இந்த நான்கு நாளில் கண்டக்டர்கள் எல்லோரும் நம் இடத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "புரொபசர் ஸ்டாப்பிங் எல்லாம் எறங்கு" என்கிறார்கள். போர்டில் காலனி என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. இல்லாத ஒரு புரொபசருக்காக நிறுத்துகிறார்கள். தெருவில் எல்லோருக்கும் சிரிப்பாக இருக்கிறது, இளவரசு என்னைப் பார்த்தால் சலாம் வைக்கிறான், எனக்கும் சிரிப்பு வருகிறது. ஆனாலும் விடப்போவதில்லை. அப்பா பத்தாவது மனு எழுதிவிட்டார், கோடு போட்ட தாளில், தமிழில், அவர் கையெழுத்திலேயே. நான் தபாலில் போடப்போகிறேன். வேறு எந்தக் குடுவையும் வேண்டாம்.

இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது. கலியமூர்த்தி அண்ணன் கதவருகே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், என்னைப் பார்க்காததுபோல.

அக்கா, நீ பி.காம். படித்த அந்த ஐந்து மாதம், மேல்பட்டாம்பாக்கம் வரை கரும்புக்கு நடுவே நடந்து போய் பஸ் ஏறினாய். ஒரு நாள் மழையில், சேறாக, ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தாய். இனிமேல் போகமாட்டேன் என்றாய். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. எனக்குப் பதினாறு வயது, நானும் கேட்கவில்லை. அடுத்த மாதம் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், பிறகு மஸ்கட். இப்போதும் நான் கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்டுக்கொள்வேன். அப்பாவின் முதல் மனுவில் இருக்கும் தேதியை மட்டும் போன ஞாயிற்றுக்கிழமைதான் கவனித்தேன். நீ ஒற்றைச் செருப்போடு வந்ததற்கு மறுநாள்.

கிறிஸ்துமசுக்கு வரும்போது சென்னையிலிருந்து வாடகைக் காரில் வராதே. பெட்டியை நான் கடலூருக்கு வந்து தூக்கிக்கொள்கிறேன். பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறு, ஜன்னல் ஓரம் உட்கார். கண்டக்டர் எங்கே என்று கேட்டால் புரொபசர் ஸ்டாப்பிங் என்று சொல்லாதே. காலனி என்று சொல், பின்சீட்டு வரை கேட்கிற மாதிரி. அவனுக்குக் காது கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை சொல். வண்டி நிற்கும். அப்பா அங்கே நின்றுகொண்டிருப்பார். மெதுவாக இறங்கு.

உன் தம்பி
ராபர்ட்