லைனுக்கு விக்கல்

நவம்பர் 9, வெள்ளி

மதியத்திலிருந்து மழை. ஆயர் ஈத்தாம் முழுக்க மேகம் இறங்கிக் கிடக்கிறது. சமையலறை ஜன்னலில் கொடிமலையைக் காணோம். காலையில் புக்கிட் தெங்கா ஃபேக்டரிக்குப் போகும்போது கம்பெனி பஸ் கடல் பாலத்தில் ஊர்ந்தது. கடலும் வானமும் ஒரே நிறம். எந்தப் பக்கமும் கரை இல்லாத மாதிரி இருந்தது, நன்றாக இருந்தது. தூங்கவில்லை. நான் தூங்கினேன் என்று பக்கத்து சீட் கமலா அக்கா சாதிக்கிறார்.

மாலை கணினியைப் போட்டேன். மோடம் டயல் பண்ணவே இல்லை. டயல் டோன் இல்லை என்று திரையில் ஒரு பெட்டி. மறுபடி. மறுபடியும் அதே பெட்டி.

அவருக்குப் பதில் எழுத வேண்டும். போன வாரம் வந்த மெயில் அப்படியே கிடக்கிறது. கப்பல் டர்பன் துறைமுகத்தில் நிற்கிறதாம். எஞ்சின் அறைக்கு மாற்று ஆள் இல்லை, இன்னும் ஆறு மாதத்துக்குக் கையெழுத்துப் போடு என்கிறாராம் கேப்டன். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்: "நீ வான்னா வர்றேன். இருன்னா இருக்கேன். செவ்வாய்க்குள்ள சொல்லு."

கல்யாணமானதிலிருந்து இப்படி என்னைக் கேட்டதே இல்லை. அவரே முடிவு செய்வார், பிறகு சொல்வார். நான் சரி என்பேன். இப்போது ஒரு வரி எழுத வேண்டும். எந்த வரி என்று தெரியவில்லை.

கருவாடு சுட்டேன். ரேடியோ. படுக்கை.

நவம்பர் 10, சனி

லீவு. தூறல். துணி காயவில்லை.

கணேசனுக்குப் போன் போட்டேன். எங்கள் கம்பெனியில் கணினிகளைப் பார்ப்பவர், வயதில் சின்னவர், என்னை அக்கா என்பார். அவர் கேட்கக் கேட்க நான் போய்ப் பார்த்து வந்து சொன்னது:

மோடத்தில் விளக்கு - எரிகிறது.
சுவரிலிருந்து வரும் வயர் சரியான ஓட்டையிலா - ஆமாம்.
படுக்கையறைப் போன் ஒழுங்காக வைத்திருக்கிறதா - ஆமாம்.
இடி இடிக்கும்போது வயரைப் பிடுங்கினேனா - பிடுங்கினேன், போன மாதமே பாடம் படித்தாயிற்று. பக்கத்து வீட்டு மோடம் கருகியது.
சுவர் சாக்கெட் எப்படி இருக்கிறது - பச்சையாக.

"பச்சையாவா? அக்கா, வீட்டுக்குப் பெயிண்ட் அடிச்சீங்களா?"

"தீபாவளிக்கு அடிக்காம?"

"சாக்கெட்டைக் கழட்டிட்டா அடிச்சீங்க?"

"அப்படியே மேலயே அடிச்சிட்டேன்."

"அதான்லா. தீபாவளிக்கு முன்ன எனக்கு இதே வேலை. எங்க மாமியார் வீட்டுலயும் சாக்கெட் ரோஸ் கலர்."

போன ஞாயிறு ஹாலுக்கு நானே அடித்தேன். ஆப்பிள் பச்சை. வீட்டுக்காரர் இருந்தால் கிரீம் கலர்தான், வருடா வருடம் கிரீம் கலர்தான். ஊசியும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துச் சுரண்டினேன். போனில் ஒரு வாரமாக இருந்த கரகரப்பு போய்விட்டது. மோடம் மட்டும் அதே பெட்டி, அதே வரி.

இங்கே எழுதி வைக்கிறேன், வேறு யார் படிக்கப் போகிறார்கள். பச்சைச் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிவிட்டது. யாரும் என்ன யோசனை என்று கேட்கவில்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது பயமாக இருக்கிறது.

நவம்பர் 11, ஞாயிறு

காலையில் மட்டும் வெயில். கொடிமலை கழுவி வைத்த மாதிரி. கீழ் வீட்டில் யாரோ, "அம்மா, இந்த மழையில மத்தாப்பு எரியுமா?" என்று திரும்பத் திரும்ப.

கமலா அக்கா முறுக்கு சுட வந்தார். நான் பிழிய, அவர் எடுக்க. நடுவில் கேட்டார்.

"வீட்டுக்காரரு தீபாவளிக்கு வரலியா?"

"கப்பல் இன்னும் டர்பன்லதான் நிக்குது, அக்கா."

"பொங்கலுக்காவது வருவாரா?"

முறுக்கு கருகுகிறது என்று சொல்லித் தப்பித்தேன். உண்மையிலேயே கருகியது.

அக்கா மாவு பிசையும்போது சும்மா போனை எடுத்துக் காதில் வைத்தேன். டயல் டோன் இருக்கிறது. ஆனால் எடுத்தவுடன் நேராக வருவதில்லை. முதலில் டுக், டுக், டுக் என்று துண்டு துண்டாக. பிறகுதான் நீளமாக. இத்தனை நாள் கவனிக்கவில்லை, எடுத்த கையோடு நம்பரை அமுக்குகிறேனே.

"அக்கா, இங்க வந்து கேளுங்க. விக்குது."

மாவுக் கையைத் தூக்கிக்கொண்டு வந்து காதை மட்டும் கொடுத்தார். "ஆமாடி, விக்கல்தான். யாரோ நெனைக்கிறாங்க லைனை." அவரே சிரித்தார். நான் இன்னொரு தடவை எடுத்துக் கேட்டேன்.

சாயங்காலம் கணேசனிடம் சொன்னேன். நேராக வரும் டோன்தான் மோடத்துக்குப் புரியுமாம். விட்டு விட்டு வந்தால் டோனே இல்லை என்று நினைத்துக்கொள்ளுமாம்.

"ஏன் விட்டு விட்டு வருது?"

"ஏதாவது லைன் கோளாறா இருக்கும். அது கெடக்குது. செட்டிங்ஸ்ல, டோனுக்குக் காத்திருக்கச் சொல்லி ஒரு டிக் இருக்கும். எடுத்துருங்க. எதையும் கேட்காமலே டயல் பண்ணிரும்."

அந்தப் பக்கத்தைத் திறந்தேன். டிக் இருந்தது. மவுஸை அதன் மேல் வைத்தேன். எடுக்கவில்லை. கேட்காமலே பேசுகிற ஆளை எனக்கு வீட்டிலும் பிடிக்காது, மோடத்திலும் பிடிக்காது. அந்த விக்கல் என்னவென்று தெரிய வேண்டும்.

தூக்கத்தில் ஒரு கப்பல் பாலத்துக்கடியில் போனது. எஞ்சின் சத்தம் டுக், டுக், டுக்.

நவம்பர் 12, திங்கள்

வேலை. பிளாஸ்டிக் மூடிகள், பெட்டி பெட்டியாக. விரலால் தடவி விளிம்பு பார்ப்பது என் வேலை. கண் ஜன்னலில். சூப்பர்வைசர்: "கஸ்தூரி, ஊருக்குப் போயிட்டியா?"

பசாரில் சைபர் கஃபே இருக்கிறது. இறங்கினால் போதும், ஐந்து நிமிடத்தில் மெயில் போய்விடும். பஸ் அதைத் தாண்டியது. நான் இறங்கவில்லை. உள்ளே பையன்கள் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறார்கள், அந்தச் சத்தத்தில் இதை எழுத முடியாது என்று சொல்லிக்கொண்டேன். பொய். மோடம் கெட்டது எனக்கு ஒரு சாக்கு.

எழுதிப் பார்த்தவை, எல்லாம் மனதில்தான்:
உங்க இஷ்டம். (அவர் கேட்டதே என் இஷ்டத்தை.)
வேலை முக்கியம்.
இங்க ஒண்ணும் அவசரம் இல்ல.

நாளை கடைசி நாள். அழுகை வந்தது. ஏன் என்று சரியாகத் தெரியவில்லை.

நவம்பர் 13, செவ்வாய்

அரை நாள் லீவு போட்டேன், தீபாவளி வேலை என்று. வெறும் மேகமூட்டம், மழை இல்லை.

தொலைபேசிக் கம்பெனியின் புகார் எண். பாட்டு. இன்னும் பாட்டு. பிறகு ஒரு பெண், மலாயில். என் பெயரைச் சொன்னதும் தமிழுக்கு மாறினாள்.

"அக்கா, டோன் வெட்டி வெட்டி வருதா? அது கோளாறு இல்லலா. உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கு."

"என்ன மெசேஜ்?"

"நீங்க எடுக்கலன்னா ஆளுங்க பேசி வச்சிட்டுப் போவாங்க. உங்க பேக்கேஜ்லயே இருக்கே, தெரியாதா? கேட்டு முடிச்சிட்டா டோன் நேராயிரும்."

தெரியாது. அவள் சொன்ன எண்ணை அமுக்கினேன்.

அவர் குரல். போன வெள்ளி பகலில் கூப்பிட்டிருக்கிறார், நான் மூடி தடவிக்கொண்டிருந்த நேரம். பின்னால் காற்று, ஏதோ பறவை.

"கஸ்தூரி. சாப்பிட்டியா?"

இடைவெளி.

"ம்ம். அங்க மழையா?"

இடைவெளி.

"ஏதோ ஒரு பொண்ணு இங்கிலீஷ்ல பேசுச்சு, அப்புறம் கூன்னு ஒரு சத்தம். நீ இருக்கியா இல்லியான்னு தெரியல. இருக்கேன்னு வச்சுக்கிட்டுப் பேசறேன். மெயில் வரல. அவசரம் இல்ல." நீண்ட இடைவெளி. "நான் இல்லாம பழகிருச்சுன்னா அதையும் சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீ கொஞ்சம் நகந்து எடம் குடுக்குற மாதிரி இருக்கும். எனக்குத் தெரியும்."

பிறகு காற்று மட்டும். என் பதிலுக்காக நின்றிருக்கிறார். மெஷினுக்கு முன்னால், காசு போகப் போக.

மறுபடி போட்டேன். இம்முறை இடைவெளிகளில் பதில் சொன்னேன். சாப்பிட்டேன். இங்க ஒரே மழைங்க. ஹாலுக்குப் பச்சை அடிச்சிட்டேன், திட்டாதீங்க. கடைசி இடைவெளிக்கு வந்தபோது வரி தானாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த டிக்கை எடுத்திருந்தால் உங்க இஷ்டம் என்று எழுதி அனுப்பியிருப்பேன்.

போனை வைத்து எடுத்தேன். டோன் நேராக, நீளமாக. மோடத்தைப் போட்டேன். டயல், கீச்சு, இரைச்சல், அமைதி. உள்ளே போய்விட்டது.

எழுதியது இவ்வளவுதான்:

pazhagiruchu. aanaalum vaanga.

அனுப்பினேன். உடனே இணைப்பைத் துண்டித்தேன். மோடம் ஓடினால் போன் வராது.

நவம்பர் 14, புதன்

தீபாவளி. விடியவில்லை. கீழே ஒரே ஒரு பட்டாசு, பிறகு யாரோ திட்டும் சத்தம். நானே என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டேன். காது வரை வழிகிறது.

போன்.

எண்ணெய்க் கையோடு எடுத்தேன். அங்கே இன்னும் நேற்று இரவாம்.

"மொதல் வார்த்தையைப் படிச்சேன். எந்திரிச்சு வெளிய போயிட்டேன்."

"அப்புறம்?"

"ஒரு சிகரெட் முடிச்சிட்டுத் திரும்பி வந்தேன். மிச்சத்தைப் படிச்சேன்."

காற்று. அதே பறவையா தெரியவில்லை.

"கையெழுத்துப் போடலல்ல?"

"போடல. பெட்டி கட்டியாச்சு." ரிசீவர் வழுக்குகிறது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். "சாப்பிட்டியா?"

"இன்னும் தலையே முழுகலீங்க," என்றேன்.