கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார்

ஏற்காடு
8.6.2025

அன்புத் தம்பி அஜ்மலுக்கு,

அக்கா மைமூனின் சலாம். நேத்து பக்ரீத்துக்கு நீ வருவேன்னு கறியை எடுத்து வெச்சுட்டு, மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் பஸ் ஸ்டாண்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். வக்கீலுக்கு நோட்டீஸ் அனுப்புனாத்தான் பெருநாளுக்கு வருவார்னு ஊட்டுல எல்லாரும் கேலி பண்றாங்க.

எனக்குக் காது போனதுல இருந்து நீ போன்ல பேசுறது எதுவும் எனக்கில்ல. அந்தக் கண்ணாடி மேல விரலை வெச்சுத் தேய்க்கவும் எனக்கு வரல. சையத் இப்ராஹிம் மாமா தினம் வேனை எடுத்துக்கிட்டு சரக்கெடுக்கச் சேலம் வர்றாரு. அவர்கிட்ட ஒரு காயிதம் குடுத்தனுப்ப உனக்கு என்ன கேடு?

விஷயத்துக்கு வர்றேன். வெள்ளக்கடை வளைவுல கோவிந்தராஜு மேல காரை ஏத்திக் கொன்ன கேஸ்ல, ஓட்டல்காரர் மகன் தினேஷுக்கு நீதான் வக்கீலாமே. கடைக்கு வந்த மூணு பேர் சீட்டுல எழுதிக் காட்டுனாங்க. காரை ஓட்டுனது டிரைவர்னு அந்தப் பக்கம் சொல்றாங்க. இல்ல, தினேஷ்தான்னு கண்ணால பாத்த ஒரே ஆள் நம்ம பூவாயி அக்கா. செத்தது அவங்க மருமகன். அவங்க சாட்சி நிக்கலைன்னா அந்தப் பையன் தப்பிச்சுருவான். வருஷா வருஷம் நம்ம கடையில உக்காந்து மிளகு பொறுக்கிக் குடுக்கிற மனுஷி. உன்னை இடுப்புல தூக்கி வெச்சிருந்தவங்க. இந்தக் கேஸை நீ ஏன் தம்பி எடுத்தே?

கேள்விப்பட்டதும் பூவாயி அக்கா கடைக்கு வந்தாங்க. கிட்ட நின்னா அவங்க உதடு அசையறதைப் பாத்தே எனக்குப் பேச்சு புரிஞ்சுரும். கோவமா இருப்பாங்கன்னு நெனச்சேன். இல்ல. "நம்ம அஜ்மலு சாமியா எதிர்ல நிக்குது? அப்பப் பயமில்ல மைமூனு. அது அதட்டாது"ங்கறாங்க. வக்கீலுங்க கத்துவாங்கன்னு பயந்து ஒரு வாரமா சோறு எறங்கலையாம்.

அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். அவங்களை அதட்டாதே. உக்கார நாற்காலி போடச் சொல்லு. ஒரு கண் நொம்ப மங்கிப்போச்சு, எதையாவது காட்டுறதா இருந்தா கிட்டக் கொண்டுபோய்க் காட்டு.

உன் அக்கா
மைமூன்


சேலம்
11.6.2025

பிரியமுள்ள அக்காவுக்கு,

அஜ்மலின் சலாம். பெருநாளைக்கு வராதது என் தப்புதான். முந்தின நாள் பூராவும் கோர்ட்டுல நின்ன அசதியில, தொழுகை முடிஞ்சு வந்து படுத்தவன் சாயங்காலந்தான் எந்திரிச்சேன். எடுத்து வெச்ச கறி என்ன ஆச்சுன்னு கேக்க எனக்குத் தைரியம் இல்லைங்க.

கேஸை ஏன் எடுத்தேன்னு கேட்டீங்க. சீனியர்கிட்ட ஒன்பது வருஷம் கேஸ் கட்டு தூக்கினேன். தனியா போர்டு மாட்டி ஒரு வருஷம் ஆச்சு. ஜாமீன் மனுவும் செக் கேஸும் தவிர ஒண்ணும் வரல. என் பேரை நம்பி வந்த முதல் பெரிய விசாரணை இது. இதை விட்டா இன்னொண்ணு எப்ப வரும்னு தெரியாது. குத்தம் சாட்டப்பட்டவனுக்கும் ஒரு வக்கீல் வேணுமில்லீங்களா?

அதட்ட மாட்டேன், சத்தியம். கத்துற வக்கீல், பின்னால நிக்கிற கட்சிக்காரனுக்குக் கேக்கணும்னு கத்துறவன். அதட்டினா சாட்சி வாயை மூடிக்கும், ஜட்ஜுக்கும் சாட்சி மேல இரக்கம் வந்துரும். போன மாசம் வக்கீல் சங்கத்துல ஜூனியர்களுக்கு 'சாஃப்ட் ஸ்கில்ஸ்'னு ஒரு வகுப்பு எடுக்கச் சொன்னாங்க. நான் நம்ம கடையைப் பத்தித்தான் பேசினேன். வந்தவங்க வாயைத் திறக்கிறதுக்கு முன்னால நீ பேசாதே, முகத்தைப் பாரு, அவங்க பேசி முடிச்சதுக்கு அப்புறமும் கொஞ்ச நேரம் சும்மா இரு, மிச்சத்தையும் அவங்களே சொல்லிருவாங்க. எல்லாம் நீங்க கல்லாவுல உக்காந்து செஞ்சதுதான். நல்லாக் கை தட்டினாங்க.

பூவாயி அக்காவுக்கு எந்தக் கண் மங்கல்? எப்ப இருந்து? சொன்னீங்கன்னா நல்ல கண் இருக்கிற பக்கமா நின்னு பேசுவேன்.

உங்கள் தம்பி
அஜ்மல்


ஏற்காடு
15.6.2025

அன்புத் தம்பிக்கு,

உன் காயிதத்தைப் படிச்சு மனசு ஆறுச்சு. பூவாயி அக்காவுக்கும் படிச்சுக் காட்டினேன். நல்ல கண் பக்கமா நின்னு பேசுவேன்னு எழுதியிருந்தியே, அதுக்கு அவங்களுக்கு ஒரே சிரிப்பு.

வலது கண்தான். இப்பக் கொஞ்ச மாசமா இடது கண்ணுலயும் தூரத்துல இருக்கிறது தெரியறதில்லையாம். போன வருஷம் மழைக்காலத்துலதான் ஆரம்பிச்சுது. அதுக்கு முன்ன அப்படி இல்ல. கோவிந்தராஜு செத்தது போன வருஷம் தையில. அதுக்கு முந்தின நாள்கூட இங்கதான் உக்காந்து மிளகு பொறுக்கினாங்க, ஒரு சொத்தை தப்பல. என் ஊசிக்கு நூல் கோத்துக் குடுத்ததும் அவங்கதான். டாக்டர்கிட்டப் போலாம்னா, கேஸ் முடியட்டும்ங்கறாங்க.

அவங்களுக்குத் துணைக்கு மக மாரியம்மாள், கோவிந்தராஜு சம்சாரம், வர்றா. நானும் வர்றேன். நீ கருப்புக் கோட்டுப் போட்டு நிக்கிறதை நான் இன்னும் பாத்ததில்ல. கேக்காட்டி என்ன, பாக்கலாமில்ல.

அக்கா
மைமூன்


சேலம்
24.6.2025

அன்பு அக்காவுக்கு,

அவசரமா எழுதுறேன். ஜூலை ரெண்டு, புதன்கிழமை. பத்து மணிக்கு வந்துருங்க. குப்பனூர் வழி பஸ்ல கூட்டம் கம்மியா இருக்கும். பூவாயி அக்கா எதிர்த் தரப்பு சாட்சி, அதனால அன்னிக்கு வெளிய வெச்சு அவங்ககிட்ட நான் பேசக் கூடாது. தப்பா எடுத்துக்க வேண்டாம்னு சொல்லுங்க.

உள்ள வந்ததும் கடைசி பெஞ்சுல போய் உக்காருங்க. அங்கதான் ஃபேன் காத்து வரும்.

அஜ்மல்


ஏற்காடு
3.7.2025

அஜ்மலுக்கு,

சலாம். நேத்து நான் பாத்ததை முதல்ல சொல்றேன்.

பூவாயி அக்காவுக்கு நாற்காலியை நீயே இழுத்துப் போட்டே. தண்ணி குடுக்கச் சொன்னே. இடது பக்கமா நின்னு பேசினே. அவங்க பேசி முடிச்சதும் தலையை ஆட்டிட்டுச் சும்மா நின்னே. அவங்க இன்னுங் கொஞ்சம் பேசினாங்க, ஒரு தடவை சிரிக்கக்கூடச் செஞ்சாங்க. என் தம்பி எவ்வளவு மரியாதையா நிக்கிறான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அப்புறம் நீ திரும்பி என்னைக் கை காட்டினே. கோர்ட்டே திரும்பி என்னைப் பாத்துச்சு. இவங்கதான் என் அக்கான்னு நீ ஜட்ஜுகிட்டச் சொல்றேன்னு நெனச்சு நான் எந்திரிச்சு நின்னேன். சிரிச்சேன். பூவாயி அக்காவைப் பாத்துக் கையைக்கூட ஆட்டினேன்.

இனி மாரியம்மாள் பஸ்ல எழுதிக் குடுத்தது. அப்படியே எழுதுறேன்.

"கடைசி பெஞ்சுல இருக்கிறது யாருங்க அக்கான்னு உங்க தம்பி கேட்டாருங்க. அம்மா கண்ணைச் சுருக்கிப் பாத்துச்சு. யாரோ பொம்பளைங்க, தெரியலீங்க சாமின்னுச்சு. அவங்க மைமூன் அக்கா, முப்பது வருஷமா உங்களுக்குப் பழக்கம்னு அவர் சொன்னாரு. அன்னிக்குக் கார் இதைவிடத் தூரத்துலதானே இருந்துச்சுன்னாரு. அம்மா ஆமாங்கன்னுச்சு. அப்ப வந்துங்கன்னு அம்மா என்னமோ சொல்ல வாயெடுத்துச்சு. நொம்ப நன்றிங்க அக்கான்னு கும்பிட்டுட்டு உக்காந்துட்டாரு."

சர்க்கார் வக்கீல் அதுக்கப்புறம் ஒண்ணும் கேக்கலையாம். அந்த மனுஷன் எந்நேரமும் போனைத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு, அதை நானே பாத்தேன்.

பஸ்ல பூவாயி அக்கா எனக்கு முன் சீட்டுல உக்காந்து, மலை ஏறி முடியற வரைக்கும் திரும்பவே இல்ல. எறங்கறப்பத்தான் என் முகத்தைப் பாத்துச் சொன்னாங்க. "அது அதட்டவே இல்ல மைமூனு. அதட்டியிருந்தா நான் சுதாரிச்சிருப்பேன்."

எந்தக் கண், எப்ப இருந்துன்னு ரெண்டு கேள்வி என்கிட்டக் கேட்டே. ரெண்டுக்கும் நான் பதில் எழுதினேன். எப்ப இருந்துங்கறதை மட்டும் நீ கோர்ட்டுல கேக்கல.

மைமூன்


சேலம்
6.7.2025

அன்பு அக்காவுக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். என்னைத் திட்டுங்க, அதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா நான் ஒரு பொய் சொன்னேனா? எப்ப இருந்துன்னு கேக்க வேண்டியது சர்க்கார் வக்கீலோட வேலை. எதிர்த் தரப்புக்குச் சாதகமான கேள்வியை நானே எடுத்துக் குடுத்தா, என்னை நம்பி வந்தவனுக்கு நான் துரோகி. அவன் நல்லவனா கெட்டவனான்னு பாக்க என்னை யாரும் கூப்பிடல. இதைப் புரிஞ்சுக்க எனக்கே பல வருஷம் ஆச்சு. உங்களுக்கு ஒரு நாள்ல புரியாது.

உங்களைக் கை காட்டினது தப்பு. அதை ஒத்துக்கிறேன். நீங்க எந்திரிச்சுச் சிரிப்பீங்கன்னு நான் நெனக்கல. அப்பவும் பூவாயி அக்காவுக்கு அடையாளம் தெரியலங்கறதை ஜட்ஜு குறிச்சுக்கிட்டாரு. சாயங்காலம் சங்கத்துல எல்லாரும் கை குடுத்தாங்க, என்னால நிக்க முடியாம வெளிய வந்துட்டேன்.

ஒரு உதவி கேக்கணும். எந்தக் கண்ணுன்னு கேட்டு நான் எழுதின கடிதத்தைக் கிழிச்சுப் போட்டுருங்க. சாட்சியைப் பத்தி உங்ககிட்டத் துருவினேன்னு வெளிய தெரிஞ்சா, இந்தக் கோர்ட்டுல யாரும் என்னை மதிக்க மாட்டாங்க. அத்தா போனதுக்கு அப்புறம் என்னைப் படிக்க வெச்சு ஆளாக்கினது நீங்க. நீங்களே என்னைக் கவுத்துராதீங்க.

அஜ்மல்


ஏற்காடு
20.7.2025

தம்பி அஜ்மலுக்கு,

சலாம். உன் காயிதத்தை நான் கிழிக்கல. யார்கிட்டயும் காட்டவும் இல்ல.

போன வாரம் மாரியம்மாளைக் கூட்டிக்கிட்டு அந்தச் சர்க்கார் வக்கீலைப் போய்ப் பாத்தேன். ஏனுங்க, நீங்க போனைப் பாத்ததை நான் பாத்தேங்கன்னு சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. அப்புறம் நல்லாத்தான் கேட்டாரு. கோவிந்தராஜு செத்த வாரம் பூவாயி அக்காவுக்குக் கண் நல்லாத் தெரிஞ்சுது, என் கடையில உக்காந்து மிளகு பொறுக்கினாங்க, நான் சாட்சி சொல்றேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். மனு போடுறேன்னாரு. உனக்கு நகல் வருமாம். வேற ஆள் சொல்லி உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் நானே எழுதுறேன்.

பூவாயி அக்கா இப்பக் கடைக்கு வர்றதில்ல. அவங்க கண்ணை உன்கிட்டக் காட்டிக் குடுத்தது நான். பாவம்னு நெனச்சு எழுதினேன். அது என்னை நொம்ப அறுக்குது.

கூண்டுல ஏறணும்னா எனக்குப் பயந்தான். உன்னை நெனச்சாத்தான் அதிகமாப் பயமா இருக்கு. எனக்கு நாற்காலி போடாதே, தண்ணி குடுக்காதே. பூவாயி அக்கா கண்ணைப் பத்தி உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு என்னை யாராவது கேட்டா, நீ கேட்டதையும் நான் எழுதினதையும் சொல்லிருவேன். மறைக்கறதுக்கு எனக்கு வராது. உன் மேல பாசம் போயிருச்சான்னா, போகல. போயிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

மைமூன்


சேலம்
17.8.2025

என் அக்காவுக்கு,

சலாம். மனுவைக் கோர்ட்டு ஏத்துக்கிச்சு. செப்டம்பர் மூணாம் தேதி உங்களை விசாரிப்பாங்க. சம்மன் வரும்.

மனுவோட நகல் கைக்கு வந்த அன்னிக்கே உங்களுக்கான குறுக்கு விசாரணையை எழுத உக்காந்தேன். நாலு நாள்ல பதினோரு கேள்வி எழுதினேன். மச்சான் மௌத்தாகி உங்களைத் தனியா விட்டுட்டுப் போனதுல இருந்து உங்களுக்குத் தேதி குழம்பும்னு எனக்குத் தெரியும். கூட்டத்துல எதுவும் புரியாட்டியும் புரிஞ்ச மாதிரித் தலையாட்டுவீங்கன்னும் தெரியும். அதுல இருந்துதான் ஆரம்பிச்சேன். எழுதி முடிச்சு ஒரு தடவை படிச்சேன். ஒரு கேள்வியும் பொய்யில்ல. ஒண்ணுலயும் அதட்டல் இல்ல. அதைக் கேட்டு முடிச்சா, பூவாயி அக்கா உங்க கடையில மிளகு பொறுக்கினது நெசந்தானான்னு உங்களுக்கே சந்தேகம் வந்திருக்கும். எனக்கு என்னை நெனச்சே பயம் வந்துருச்சு.

வியாழக்கிழமை தினேஷோட அப்பாகிட்ட வக்காலத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். சாட்சி என் அக்கா, இனி நான் நிக்க முடியாதுன்னு மட்டும் சொன்னேன். அவங்க என்னை நம்பிச் சொன்னதை நான் யாருக்கும் சொல்ல முடியாது, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். அந்தப் பதினோரு கேள்வியையும் யாருக்கும் குடுக்கல. கோயமுத்தூர்ல இருந்து ஒரு பெரிய வக்கீல் வர்றாரு. அவர் கத்துவாரு.

அந்தக் கடிதத்தைக் கிழிக்க வேண்டாம். கோர்ட்டு கேட்டா எடுத்துக் குடுங்க. பூவாயி அக்காவைப் பாத்து மன்னிப்புக் கேக்கணும், ஆனா கேஸ் நடக்கும்போது நான் அவங்க ஊட்டு வாசலை மிதிச்சா, சாட்சியைக் கலைக்க வந்தான்னு சொல்வாங்க. உங்க விஷயத்துலயும் அதேதான். எதிர்த் தரப்புல நின்ன நான் உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தேன்னு தெரிஞ்சாலும் உங்க சாட்சி செல்லாமப் போயிரும். இந்த இடத்துல ரெண்டு வரி எழுதி அடிச்சிருக்கேன். வெளிச்சத்துல பிடிச்சுப் படிக்கப் பாக்காதீங்க.

தீர்ப்பு வர ஒரு வருஷம் ஆகலாம், மூணு வருஷமும் ஆகலாம். அது வரைக்கும் நான் ஊருக்கு வர மாட்டேன். மாமாகிட்ட எதையும் குடுத்தனுப்பாதீங்க, இந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதாதீங்க. இதுக்கு அப்புறம் நானும் எழுத மாட்டேன்.

உங்கள் தம்பி
அஜ்மல்