முகாம் கேட்டுக்கு எதிரே நிற்கும் மஸ்டாங்

அன்புள்ள லாட்ரீஸ்,

எந்த எஞ்சின் உள்ள கார் வாங்குவது என்று நீ ஏற்கெனவே முடிவு செய்துவிட்டாய். நாளைக்கு ஏதாவது ஆனால் அம்மாவும் சரியென்றுதானே சொன்னாள் என்று சொல்லிக்கொள்ளத்தான் என்னைக் கேட்கிறாய். சரி, திட்டுவதற்கு முன்னால் விசாரித்துவிடுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது, முழங்கால் வலி குறைந்ததா, டெக்சாஸ் வெயிலில் தொப்பி போடுகிறாயா? இங்கே இன்க்ஸ்டரில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் வேலை செய்கிறது, கிடங்கில் இரவுப் பணியை மாற்றிப் பகல் கொடுத்துவிட்டார்கள், எதிர் வீட்டுக்காரர்களும் போய்விட்டார்கள், அந்த ஜன்னலிலும் பலகை அடித்தாகிவிட்டது.

நீ அனுப்பிய இரண்டு விளம்பரங்களையும் பார்த்தேன். ஒன்று உன் பட்டாள முகாம் கேட்டுக்கு எதிரே இருக்கும் கார்க் கடையில் நிற்கும் கறுப்பு மஸ்டாங், 2009, எட்டு சிலிண்டர், கடனையும் கடைக்காரனே தருகிறானாம். மற்றது வெள்ளை, 2012, ஆறு சிலிண்டர், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் விற்பது, உன் கையில் இருக்கும் ஒன்பதாயிரம் டாலருக்குள் முடிந்துவிடும். ஆறு சிலிண்டர் வாங்கினால் முகாமில் பையன்கள் சிரிப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். பக்கத்து வீட்டு வர்ஜிலிடம் காட்டினேன், அவனும் சிரித்தான். "ஆறு சிலிண்டர் மஸ்டாங்கா? அது டைப்பிஸ்ட் பொண்ணுங்க வண்டியாச்சே, ஒடெஸா! உம் பொண்ணு பட்டாளத்துல பத்து டன் லாரி ஓட்டுறா, அவளப் போயி இதுலயா உக்காரச் சொல்ற?" என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அந்தப் பொண்ணுங்க அவங்க சம்பாதிச்ச காசுல வாங்குனாங்கடா. நீ உறுமிக்கிட்டுத் திரிஞ்ச எட்டு சிலிண்டரெல்லாம் உம் பொண்டாட்டி சம்பளம்" என்று சொல்லிவிட்டேன். சொன்னது உண்மைதான், ஆனால் ஐந்து நாளாக அவன் இந்தப் பக்கம் வரவில்லை. என் கதவைத் தட்டுகிற ஒரே ஆள் அவன்தான் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

இப்போது எஞ்சின் விஷயம். சிலிண்டர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதே. அந்த 2009 எட்டும் இந்த 2012 ஆறும் குதிரைத்திறனில் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆறு சிலிண்டர் வண்டி பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும், இருபத்திரண்டு வயதுக்காரிக்குக் காப்பீடும் குறையும். எட்டில் இருப்பது சத்தம். அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும், பிடிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். கார் ஆலையில் பத்தொன்பது வருடம் எஞ்சின் சோதனை அறையில் நின்றவள் நான். காதில் அடைப்பானைச் செருகிக்கொண்டுகூட எது நல்லது, எது திருப்பி அனுப்ப வேண்டியது என்று சொல்வேன். அதனால்தான் சொல்கிறேன், நீ அனுப்பிய கறுப்பு வண்டி வீடியோவில் ஒன்று சரியில்லை. சாவியைத் திருப்பியதும் வண்டி பிடித்துக்கொண்டது, எஞ்சின் வேகம் காட்டும் முள்ளும் சட்டென்று இறங்கி நின்றுவிட்டது. ராத்திரி முழுக்க நின்ற எஞ்சின் முதலில் கொஞ்சம் வேகமாக ஓடி, பிறகுதான் அடங்கும். நீ போவதற்கு முன்னாலேயே அவன் அதை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறான். சூடான எஞ்சினில் சில நோய்கள் வெளியே தெரியாது. மிச்சம் மீதி தெரிந்தாலும் அவன் மாட்டியிருக்கிற புகைக்குழாயின் உறுமலில் அமுங்கிப்போகும். நீங்கள் எல்லாரும் அந்த உறுமலுக்குத்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

அந்தக் கடை ஏன் முகாம் கேட்டுக்கு எதிரே இருக்கிறது என்று யோசித்தாயா? உங்களுக்கு ஒன்றாம் தேதியும் பதினைந்தாம் தேதியும் சம்பளம் வரும் என்று அவனுக்குத் தெரியும். தவணை தவறினால் உன் சார்ஜென்டுக்கு ஒரு போன் போட்டால் போதும் என்றும் தெரியும். நாட்டுக்காக உழைக்கிறவர்களுக்குச் சிறப்புச் சலுகை என்று கொடி கட்டி வைத்துக்கொண்டு நூற்றுக்கு இருபத்து மூன்று வட்டி போடுகிறான். எங்கள் ஆலை வாசலுக்கு எதிரேயும் இப்படி ஒரு கடை இருந்தது, அங்கேயும் கொடி பறந்தது. ஆலையை மூடிய மாதமே அவன் கிளம்பிவிட்டான். சம்பளம் இருக்கிற இடத்தில்தான் அவன் இருப்பான். எங்களிடம் கறந்து முடித்தார்கள், இப்போது உங்களிடம்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த வெள்ளை வண்டியை வாங்கு என்று நான் சொல்வதில் என் சுயநலமும் இருக்கிறது. அது ஆயிரத்து முந்நூறு மைல் ஓடி இந்த வாசலில் வந்து நிற்கும். கறுப்பு வண்டியை வாங்கினால் தவணைக்காக விடுமுறையிலும் எங்காவது வேலைக்குப் போவாய், அடுத்த வருடம் வருகிறேன் என்று எழுதுவாய். போன தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு ஒரு தட்டு நிறைய மக்ரோனி செய்து, நின்றுகொண்டே இரண்டு கரண்டி தின்றுவிட்டு, மிச்சத்தை மாதா கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்தேன். உன் வீடியோவைப் பதினான்கு முறை பார்த்தேன். முதல் மூன்று முறை எஞ்சினுக்காக. பிறகெல்லாம் கடைசியில் நீ சிரிப்பதற்காக. அது நாலு நொடிதான் வருகிறது.

இதையெல்லாம் தள்ளிவிட்டு நீ எட்டைத்தான் வாங்குவாய் என்றால் வாங்கு. பணம் உன்னுடையது, முடிவெடுக்கிற வயதும் வந்துவிட்டது. நல்ல எட்டாக இருந்தால் நானே சந்தோஷப்படுவேன். கடவுள் உன்னைச் சாலையிலும் பட்டாளத்திலும் காக்கட்டும், கையும் காலும் முழுசாக இருக்கட்டும், யாருக்கும் பயந்து எதையும் வாங்காத புத்தி உனக்கு வரட்டும். முழங்காலுக்கு மருந்து போட மறக்காதே.

சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல், கடை திறக்கும்போதே போய் நில். அவன் சாவியைத் தொடுவதற்கு முன்னால் பானெட்டில் கை வை. சுட்டால் திரும்பி வந்துவிடு. குளிர்ந்திருந்தால் எனக்குப் போன் போட்டு, வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, போனை எஞ்சின் பக்கத்தில் பிடி. ஆறுக்கும் அப்படியே செய். இதைத்தான் இரண்டு வாரமாகப் போனில் செய்தி அனுப்பிக் கேட்கிறேன், நீ கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டு விட்டுவிடுகிறாய். எனக்குக் கட்டை விரல் வேண்டாம். ஏழு மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கூப்பிடு.

உன் அம்மா,
ஒடெஸா ப்ரூவிட்